480 நாள் கணக்கும் ஒரகடத்து லைனும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மாப்பிள்ளை பார்க்கும் பெண் வீட்டார் "எந்தக் கம்பெனி?" என்பதோடு நிறுத்துவதில்லை. "பையன் பர்மனென்டா?" என்பது அடுத்த கேள்வி. வெளியே ஒரே பெயர்ப்பலகை தொங்கினாலும் உள்ளே நிரந்தரத் தொழிலாளி, டிரெய்னி, அப்ரன்டிஸ், சி.எல். எனப்படும் ஒப்பந்தத் தொழிலாளி என்று பல வகை உண்டு. பல ஆலைகளில் அடையாள அட்டையின் பட்டையே வகையைச் சொல்லிவிடும். லைனில் செய்யும் வேலை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்பணி முடித்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாடு அரசு 1981இல் கொண்டுவந்த நிரந்தரத் தகுதிச் சட்டம். தொழிலாளி பக்கம் நிற்கும் நல்ல சட்டம். ஆனால் அந்தக் கடிகாரத்தை ஓடவிடாமல் வைக்கவும் வழிகள் உண்டு. 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டம், 18ஆம் பிரிவில், அப்ரன்டிஸைப் பயிற்சி பெறுபவர் என்கிறது, தொழிலாளியாக ஏற்பதில்லை. 2013இல் ஏ.ஐ.சி.டி.இ. தொடங்கிய 'நீம்' திட்டத்திலும் 3 முதல் 36 மாதம் வரை பயிற்சி என்ற பெயரிலேயே ஆலைக்குள் இருக்க முடிந்தது. அத்திட்டம் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. காண்ட்ராக்டர் வழியாக வருபவருக்கோ முதலாளி யார் என்பதே வழக்காகிவிடும். ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியர்களாகிவிட மாட்டார்கள் என்று ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது.

இருந்தாலும் இந்த முறைக்கு ஒரு நியாயம் உண்டு. செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் பக்கம் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து, கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வராமல் போன பையனுக்குப் பெரிய ஆலையின் கேட் திறப்பது பெரும்பாலும் டிரெய்னி என்ற பெயரில்தான். முன் அனுபவம் கேட்பதில்லை. பஸ்ஸும் கேன்டீனும் சீருடையும் கிடைக்கும். சில மாதங்களில் கருவியைப் பிடிக்கவும், குறையைக் கண்டால் லைனை நிறுத்தச் சொல்லவும் கை பழகிவிடும். ஆர்டர் ஏறி இறங்கும் தொழிலில், எடுத்த எடுப்பிலேயே எல்லோரையும் நிரந்தரமாக்க நிறுவனம் தயங்குவதும் புரிந்துகொள்ளக்கூடியதே.

தேர்வில் விடுபட்டவர் வேறு வாசல் வழியாக வருவது அமெரிக்க ஃபுட்பாலிலும் உண்டு. அங்குள்ள தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் ஆண்டுதோறும் டிராஃப்ட் என்ற தேர்வில் ஏழு சுற்றுகளாகக் கல்லூரி வீரர்களைப் பொறுக்கி எடுக்கும். 1998இல் ஜெஃப் சாட்டர்டேயை எந்த அணியும் எடுக்கவில்லை. அவர் ஆடியது ஆஃபென்சிவ் லைனில்: பந்தை எறிபவர் மேல் எதிரணி பாயாதபடி உடம்பால் மறித்து நிற்கும் ஐவரில், நடுவில் நிற்பவர். பால்டிமோர் அணி சேர்த்துக்கொண்டு கழற்றிவிட்டது. மின்சாதனக் கடையில் வேலை பார்த்தவரை 1999இல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணி அழைத்தது. அந்த அணியில் பந்தை எறியும் பேட்டன் மானிங்குக்கு அதை எடுத்துக் கொடுப்பவராகப் பத்தாண்டுக்கு மேல் நின்றார். 2007 பிப்ரவரியில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணியிலும் இருந்தார்.

லைன்மேனின் பெயர் ஸ்கோர் கணக்கில் வருவதில்லை. விதி மீறிப் பிடித்தால் மட்டும் நடுவர் அவருடைய சட்டை எண்ணை மைக்கில் அறிவிப்பார். கார் அசெம்பிளியில் சீட் போல்ட் முறுக்குபவர் நிலையும் அதுவே. டார்க் கன் 'டக்' என்று விடும்வரை அழுத்த வேண்டும், முறுக்கிய போல்ட்டில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும், அதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும். ஷிப்ட் முழுக்கச் சரியாகப் போட்ட கோடுகளைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஒரு கோடு விட்டுப்போனால் லைன் லீடர் தேடி வருவார்.

ஒற்றுமை அதோடு முடிகிறது. என்.எஃப்.எல். வீரர் சங்கமும் அணி உரிமையாளர்களும் 2020இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பிரதான பட்டியலில் இடம் கிடைக்காமல் பயிற்சி அணியில் காத்திருப்பவருக்கும் வாரச் சம்பளத்துக்குக் கீழ்வரம்பு உண்டு. வேறு அணி தன் பிரதான பட்டியலுக்கு அழைத்தால் அவர் போகலாம். தகுதி பெற்ற சீசன்கள் அணி மாறினாலும் கூடிக்கொண்டே போகும். குறைந்தபட்சச் சம்பளமும் ஓய்வூதியத் தகுதியும் அதைப் பொறுத்தவை. அங்கேயும் பெரும்பாலான ஒப்பந்தங்களை அணி இடையில் முறிக்கலாம், முழங்கால் போனால் பிழைப்பும் போகலாம். ஆனால் உழைத்த காலம் அழிந்துபோவதில்லை.

இங்கே கேட் மாறினால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. வல்லம் வடகாலில் இரண்டு வருஷம் பெயின்ட் ஷாப்பில் நின்றவர், இருங்காட்டுக்கோட்டையில் மறுபடியும் புது டிரெய்னி ஆகலாம். இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். பழகிய கையை வெளியே அனுப்பிவிட்டுப் புதுக் கைக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுப்பதில் ஆலைக்கும் நஷ்டம்தான்.

குரலும் வகைக்கு வகை மாறுகிறது. 2024 செப்டம்பரில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர் சாம்சங்கின் நிரந்தரத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஒப்பந்தத் தொழிலாளர் நிலை வேறு: 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் ஒப்பந்தப் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லி அருகே விடுதி உணவால் நோயுற்றபோது, சக தொழிலாளர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகே விடுதிகளின் நிலை ஊருக்குத் தெரிந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருப்பவர் புகார் சொல்லத் தயங்குவது இயல்பு.

அதற்காக எல்லோரையும் நிரந்தரமாக்கினால் தீர்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2006இல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது நிரந்தரப் பணியாளர்களும்தான் வெளியேறினார்கள். அதே வளாகத்தைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. கம்பெனி போய்க் கம்பெனி வரும் வட்டாரத்தில், பணிக்காலம் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதுதான் சிக்கல்.

இதை மாற்ற முன்மாதிரி கைவசமே உண்டு. 2014இல் வந்த யு.ஏ.என். எண்ணால் வைப்பு நிதிக் கணக்கு ஆலை மாறினாலும் தொடர்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. இதே வழியில், எந்த வேலையில் எத்தனை மாதம் நின்றார் என்ற பதிவும் தொழிலாளியோடு செல்ல வேண்டும். அடுத்த ஆலை அதைத் தொடக்கச் சம்பளத்தில் கணக்கிட வேண்டும். சிப்காட் வளாகங்களிலேயே இதைத் தொடங்கலாம். அப்படி ஒரு பதிவு வந்தால் அதில் முதலில் சேர்க்க வேண்டியவர் அப்ரன்டிஸ். அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் வருவதால், வைப்பு நிதிக் கணக்கும் இல்லாமலே லைனில் நிற்பவர் அவர்தான்.