மூச்சு வாங்கும் எஞ்சின்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் லாரிகள் திரும்பும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், டர்போவின் முதல் பாடம் இலவசமாகக் கிடைக்கும். திருப்பத்துக்காக வேகம் குறைத்த டிரெய்லர் மறுபடி இழுக்கத் தொடங்கும்போது, எஞ்சினின் கரகரப்புக்கு மேலே மெல்லிசாக ஒரு விசில் எழும். முதலில் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். பிறகு சுருதி ஏறிக்கொண்டே போகும். டிரைவர் கியர் மாற்றக் காலை எடுத்ததும் சட்டென்று விழும். கார்க்காரர்களுக்கு டர்போ என்ற சொல் பழகுவதற்கு வெகு முன்பே லாரி டிரைவர்களுக்கு இந்த விசில் அத்துப்படி. சத்தம் மாறினால் ஹோஸ் எங்கோ விட்டிருக்கிறது என்று பானெட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள்.

டர்போ காரின் எஞ்சினை ரீமேப் செய்து பவர் ஏற்றுவது இன்று ஒரு பெரிய மோகம். பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை குதிரை ஏறிச்சு?" என்பதைத்தான். பாட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டுப் பாடகர் எவ்வளவு சத்தமாகப் பாடினார் என்று மட்டும் விசாரிப்பது மாதிரி இது. ரசிக்க அதற்கப்பால் நிறைய இருக்கிறது.

முதலில் அந்த விசில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். எரிந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. உள்ளே காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம். வீணாகப் போகிற புகையை வேலைக்கு இழுக்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கோர்வேரும் 1962-ல் டர்போவோடு விற்பனைக்கு வந்தன.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சென்னைப் பக்கம் அடுத்த ரயில் நிலையம் மறைமலை நகர். அங்கிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் 2013 முதல் ஈகோஸ்போர்ட் உருவானது. அதில் வந்த 1 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினின் பிளாக் ஓர் ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும். ஆனால் கொடுத்தது 125 பி.எஸ். பவர். அதன் டர்போ நிமிடத்துக்கு 2,48,000 சுற்று வரை போகும் என்று ஃபோர்டு சொன்னது. நொடிக்கு 4,000 சுற்றுக்கும் மேல்! அந்தச் சக்கரத்தின் தண்டு மிதப்பதோ மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல். டர்போ கார் வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றும் தேதியை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. அந்த ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றது. ஈகோஸ்போர்ட்கள் மட்டும் இன்னும் அதே சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரகடம் பக்கம் போனால் ஒப்பிட்டுப் பார்க்கவே செய்தது போல ஒரு ஜோடி கிடைக்கும். அங்கு உருவாகும் நிஸான் மேக்னைட் இரண்டு எஞ்சின்களோடு வருகிறது. இரண்டும் 999 சி.சி., இரண்டுக்கும் மூன்று சிலிண்டர். டர்போ இல்லாதது 72 பி.எஸ்., 96 நியூட்டன் மீட்டர். டர்போ உள்ளது 100 பி.எஸ்., மேனுவல் கியரில் 160 நியூட்டன் மீட்டர். பவர் கூடியதைவிட டார்க், அதாவது முறுக்குவிசை, கூடிய விகிதம் பெரிது என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது காலுக்குத் தெரிவது இந்த இரண்டாவது எண்தான். இந்த டர்போ எஞ்சினின் சிலிண்டர் உட்சுவருக்குக் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். ஜி.டி.-ஆர் என்ற நிஸானின் புகழ்பெற்ற அசுரக் காரிலிருந்து இறங்கி வந்த தொழில்நுட்பம் அது.

இனி ரீமேப்புக்கு வருவோம்.

எந்தச் சுற்றில், எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்று எஞ்சினுக்குக் கட்டளையிடுவது ஈ.சி.யூ. என்ற கணினி. அதற்குள் இருப்பது அட்டவணை அட்டவணையாக எண்கள். அந்த எண்களை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். மெக்கானிக் கையில் ஸ்பேனர் இருக்காது, மடிக்கணினி இருக்கும். வெறும் மென்பொருள் மாற்றத்தை ஸ்டேஜ் 1 என்கிறார்கள். புகை வெளியேறும் டவுன்பைப்பையும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் பெரிதாக்கினால் ஸ்டேஜ் 2. டர்போவையே மாற்றினால் ஸ்டேஜ் 3. இவை எங்கும் எழுதி வைத்த விதிகள் இல்லை. ஸ்பெஷல் மீல்ஸ் போல, இலையில் என்ன விழும் என்பது கடைக்குக் கடை மாறும்.

கம்பெனிக்காரர்கள் ஏன் முழுப் பவரையும் முதலிலேயே கொடுப்பதில்லை? அந்தக் கேள்விக்கான பதில் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்திலேயே, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. 2012-ல் அங்கே திறக்கப்பட்ட மஹிந்திரா ரிசர்ச் வேலியில்தான் அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வண்டிகளை உருவாக்குகிறார்கள். அவர்களுடைய 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். தாரில் அது 132 பி.எஸ். ஸ்கார்பியோ-என் வண்டியின் ஆரம்ப வகைகளில் அதே 132, மேல் வகைகளில் 175. எக்ஸ்.யூ.வி.700-ல் 155 என்றும் 185 என்றும் இரண்டு. லிட்டர் கணக்கு ஒன்றுதான், எண்கள் நான்கு. வித்தியாசம் முழுக்க மென்பொருளால் வந்ததில்லை, பாகங்களும் மாறும். ஆனாலும் ஓர் எஞ்சினின் பவர் என்பது இயற்கை நிர்ணயித்த அளவில்லை, யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது. கலப்பட டீசல், ராஜஸ்தான் வெயில், லடாக் ஏற்றம், இரண்டு வருடம் ஏர் ஃபில்டரே மாற்றாத முதலாளி, எல்லாவற்றையும் நினைத்துக் கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்கள். ரீமேப் செய்யும் டியூனர் கை வைப்பது அந்த மிச்சத்தில்தான். எவ்வளவு எடுத்தார் என்பது சுலபமாகத் தெரிந்துவிடும். எவ்வளவு விட்டுவைத்தார் என்று பார்க்கத்தான் ரசனை வேண்டும்.

அதைப் பார்க்க டைனோ தாள் உதவும். டைனோ என்பது உருளை மேல் காரை ஏற்றி ஓடவிட்டு, சக்கரத்துக்கு வந்து சேரும் பவரை அளக்கும் இயந்திரம். தாளில் இரண்டு கோடுகள் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர் கண் உச்சியிலேயே நிற்கும். பழகியவர் இடது ஓரத்திலிருந்து படிப்பார். டார்க் கோடு எந்தச் சுற்றில் எழுகிறது, செங்குத்தாகக் குதிக்கிறதா, சாய்வாக ஏறுகிறதா, மேலே போனபின் மேசை போல் தட்டையாக நிற்கிறதா, உடனே சரிகிறதா என்று பார்ப்பார். ஹூண்டாய் வெர்னாவின் 1.5 லிட்டர் டர்போ, கம்பெனி அமைப்பிலேயே 1,500 முதல் 3,500 சுற்று வரை 253 நியூட்டன் மீட்டரைச் சமமாகக் கொடுக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வரும் அந்தக் காரின் கோடு, ஒரு நல்ல மேசை எப்படி இருக்கும் என்பதற்குப் பாடம். மோசமான ரீமேப்பில் கோடு 1,700 சுற்றிலேயே கோபுரம் போல எழும். ஓட்டுகிறவருக்கு முதல் நாள் முதுகில் உதை விழுந்த மாதிரி ஆனந்தமாக இருக்கும். ஆனால் சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சினில், குறைந்த சுற்றில் மிக அதிக அழுத்தம் கொடுத்தால், தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஒரே ஒரு முறை பலமாக நடந்தால்கூடப் பிஸ்டன் உடையலாம். கை தேர்ந்த டியூனர் கீழ்ச் சுற்றில் அடக்கி வாசிப்பார்.

தாளை நம்புவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். கம்பெனி சொல்வது எஞ்சின் தண்டில் கிடைக்கும் பவர். டைனோ காட்டுவது கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் தின்றது போக மிஞ்சியது. மார்கழி விடியலில் எடுத்த தாளையும் கத்திரி வெயில் மதியத்தில் எடுத்த தாளையும் பக்கத்தில் வைத்து வாய்ச்சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

ஏனென்றால் டர்போவின் உண்மையான எதிரி சூடு. சைக்கிளுக்குக் காற்றடித்த பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். 35 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், டர்போவை விட்டு வெளியே வரும்போது அது ஏறத்தாழ 130 டிகிரியில் இருக்கும். சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு. சிலிண்டருக்குள் தட்டும் சத்தம், அதாவது நாக்கிங், வரும் வாய்ப்பும் கூடும். அதனால் காற்று எஞ்சினுக்குள் போகும் முன் இன்டர்கூலர் என்ற ரேடியேட்டர் வழியே போய்க் குளிர்ந்து வர வேண்டும்.

இதைக் கையாலேயே ரசிக்கலாம். பல கார்களில் இன்டர்கூலர் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும், அதற்கு இரண்டு குழாய்கள். நன்றாக ஓடி வந்த காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறக்க வேண்டும் (ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுற்றத் தொடங்கலாம், விரல் பத்திரம்). டர்போவிலிருந்து வரும் குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஒரு முழ தூரத்துக்குள் அத்தனை வெப்பமும் எங்கே போனது? போகிற வழியில் காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது. பவர் ஏற்றிய காரில் இரண்டாவது குழாயும் சுட்டால், தாளில் இருக்கும் எண் தாளில் மட்டும்தான் இருக்கிறது. கூடுவாஞ்சேரி நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தபின் அந்தக் காரின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். "மத்தியானம் வண்டி இழுக்கல" என்று முதலாளி பெட்ரோல் பங்க்கைத் திட்டுவார். காரின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றைச் செருகி, உள்ளே போகும் காற்றின் சூட்டைச் செல்போனில் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

அடுத்தது, சேர்த்த பவரைத் தாங்குவது யார் என்ற கேள்வி. ஸ்கோடா சூப்பர்ப் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இந்தியாவில் விற்றபோது மேனுவல், ஆட்டோமேட்டிக் இரண்டுக்கும் பவர் 180 பி.எஸ்.தான். டார்க் மட்டும் மேனுவலில் 320, ஆட்டோமேட்டிக்கில் 250 நியூட்டன் மீட்டர். அந்த ஆட்டோமேட்டிக்கின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி தாங்கும் அளவு 250 என்பதால் எஞ்சினுக்குக் கடிவாளம் போட்டார்கள். இந்தக் கதை தெரிந்தவர் ரீமேப் செய்த காரைப் பார்த்ததும் முதலில் கியர்பாக்ஸைத்தான் விசாரிப்பார்.

மறுபக்கத்தில், தாங்கவே பிறந்த எஞ்சின்களும் உண்டு. 2007 முதல் வேர்ல்டு சிட்டியில் இயங்கும் பி.எம்.டபிள்யூ. ஆலையில் 2021-லிருந்து எம்340ஐ கார் உருவாகிறது. அதன் பி58 எஞ்சின் 3 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், அறிமுகமானபோது 387 பி.எஸ். உலகம் முழுக்க டியூனர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். சிலிண்டர்களைச் சுற்றி மேல்பகுதி மூடி வார்த்த பிளாக் என்பதால் அழுத்தம் ஏறினாலும் சுவர்கள் அசையாமல் நிற்கும். டொயோட்டா புதிய சுப்ராவுக்கும் இதையே வாங்கிப் போட்டது. பி.எம்.டபிள்யூ.வுக்கு இந்தப் பைத்தியம் பழையது. சாதாரணச் சாலைக் காரின் நான்கு சிலிண்டர் பிளாக்கிலிருந்து பிறந்த அவர்களுடைய 1.5 லிட்டர் டர்போவோடு நெல்சன் பிக்கே 1983-ல் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றார். பின்னாளில் தகுதிச் சுற்றுகளில் அதே எஞ்சின் 1,000 குதிரைத்திறனைத் தாண்டியது. புது பிளாக்கைவிட, ஓடித் தேய்ந்து சூடும் குளிரும் பார்த்த பழைய பிளாக்கையே அவர்கள் விரும்பினார்களாம். பழகிய தோசைக்கல்லைப் புதுக்கல்லுக்கு மாற்றச் சம்மதிக்காத பாட்டிகளுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எதை ரசிக்காமல் விடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். கால் எடுத்ததும் சைலன்சரில் பட்டாசு வெடிக்கும் ரீமேப்புகள் பவருக்கு எதுவும் செய்வதில்லை. எரிபொருளைக் குழாயில் எரித்துக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் பழுதாக்கும், தெருவில் குழந்தைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பும். டீசல் காரில் பின்னால் கரும்புகை கக்கினால் அது வீரம் இல்லை, காற்றுக்கு மிஞ்சி டீசலை ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காலை எடுத்ததும் வரும் "உஷ்" சத்தம் நிஜமான வால்வு வேலையாகவும் இருக்கலாம், கடையில் வாங்கி மாட்டிய பீப்பீயாகவும் இருக்கலாம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. வாரண்டியும் இன்ஷூரன்ஸும் தகராறாகும் என்பது தனி. ஆக, ஏற்றிய பவரை நியாயமாக அவிழ்த்துவிட ஓர் இடம் வேண்டும். சிங்கப்பெருமாள் கோவில் சாலை ஸ்ரீபெரும்புதூரில் போய்ச் சேரும், அங்கிருந்து சென்னைப் பக்கம் கொஞ்சம் வந்தால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய 3.7 கிலோமீட்டர் வளையம்.

அங்கே ரசிகர் நிற்க வேண்டிய இடம் நேர்ச்சாலையின் நடுப்பகுதி இல்லை, வளைவின் வாய். நல்ல டியூன் உள்ள கார் வளைவை விட்டு வெளியே வரும்போது டயர் கதறாமல், ஒரே இழுப்பாக, சுருதி பிசகாமல் ஏறும். ஐந்தாவது சுற்றிலும் முதல் சுற்றைப் போலவே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், சூடு சேரச் சேரச் சோர்கிற கார்கள் அங்கேதான் மாட்டும். முடிந்ததும் விவரம் தெரிந்த டிரைவர் நேரே வந்து சாவியைத் திருப்ப மாட்டார். ஒரு சுற்று மெதுவாகப் போய், பிட்டில் இன்னும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, டர்போவுக்கு எண்ணெய் கிடைக்கச் செய்து, பிறகே அணைப்பார். பானெட் திறக்கும். பக்கத்தில் நின்றால் சூடான இரும்பு சுருங்கும் "டிக்... டிக்..." சத்தம் கேட்கும், முதலில் அடுக்கடுக்காக, பிறகு இடைவெளி விட்டு விட்டு.