செத்தவர்களுக்குக் குரலில்லை: ஒரு ஒலிப்புத்தகத் தொடரைக் கேட்டுச் சிரித்தது பற்றி

கடந்த ஐப்பசியில் நண்பர்கள் சிலர் ஒரு வீட்டில் கூடியிருந்தபோது, "இப்ப என்ன வாசிக்கிறாய்?" என்று ஒருவர் கேட்டார். வாசிக்கவில்லை, கேட்கிறேன் என்றேன். செத்துப்போன சனம் எழும்பி வந்து உயிரோடிருக்கிற சனத்தைத் தின்கிற ஒரு பகிடிக் கதை. பதினைந்துக்கு மேற்பட்ட பாகங்கள். நான் ஆறாவதில் நிற்கிறேன் என்று விளக்கமும் சொன்னேன். அங்கிருந்த மூத்த இலக்கிய நண்பர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நீர் தொண்ணூற்றைஞ்சில நடந்து வந்த ஆள். உமக்கு உது எப்பிடிச் சிரிப்பா இருக்குது?" என்று கேட்டார். நான் மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்குரிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தத் தொடர் என்னவென்று சொல்லிவிடவேண்டும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுஃபோ எழுதிய 'ஸொம்பி ஃபோலவுட்' என்பது அதன் பெயர். 2009 இல் உலகமெங்கும் பரவிய பன்றிக்காய்ச்சல் பயத்தின் சூட்டில் பிறந்த கதை. அவசர அவசரமாகச் செய்யப்பட்ட தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர்கள் செத்து, செத்தபின் எழும்பி நடக்கிறார்கள். கொலராடோ மாநிலத்தில், மதில் சூழ்ந்த ஒரு குடியிருப்பில் வாழும் மைக்கல் டல்போட் என்ற முன்னாள் சிப்பாய், மனைவி ட்ரேசியோடும் பிள்ளைகளோடும் ஹென்றி என்ற புல்டோக் நாயோடும் எப்படித் தப்புகிறான் என்பதை அவனே தினக்குறிப்பாக எழுதிக்கொண்டு போகிறான். ஒலிப்புத்தகத்தில் இதை வாசிப்பவர் ஷோன் ரனெட் என்ற நடிகர். வறண்ட, சற்றே களைத்த குரல். பகிடி சொல்லும்போது தான் சிரிக்காத குரல். தொடரின் பாதி வெற்றி அந்தக் குரலுக்குரியது என்பது என் அபிப்பிராயம்.

நியூ ஜேர்சி ரேர்ன்பைக்கில் எட்டு-ஏ வெளிவாசலைச் சுற்றியுள்ள பண்டகசாலைகளில் ஒன்றில் எனக்கு இரவு வேலை. பெட்டி தூக்குபவனுக்குக் கை ஓயாது, காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் டல்போட் வந்து சேர்ந்தான். அவன் கிருமிக்குப் பயந்தவன், கதவுப்பிடியைத் தொடவே கூசுபவன். அப்படிப்பட்டவனை அழுகிய பிணங்கள் நிறைந்த உலகத்தில் விட்டால் என்ன நடக்கும்? சாவுக்குப் பயப்படுவதை விட்டுவிட்டுச் சட்டையில் பட்டதற்குப் பயப்படுவான். ஹென்றி நாயின் வயிற்றுக் காற்று, பிணங்களின் நாற்றத்தோடு போட்டி போடும். வோல்மார்ட் கடையில் வேலை செய்த டொமி என்ற பையனுக்கு, உலகம் முடிந்தபிறகும் பொப்-டார்ட் என்ற இனிப்புப் பலகாரம் எங்கிருந்தோ கிடைத்துக்கொண்டேயிருக்கும். கணவன் மனைவிச் சண்டை, யார் முன் சீற்றில் இருப்பது என்ற பிள்ளைகளின் சண்டை எதுவும் ஓய்வதில்லை. ஊழிக்காலத்திலும் மனிசர் இப்படித்தான் இருப்பார்கள் என்று டுஃபோ நம்புகிறார். நானும் நம்புகிறேன், ஏனென்றால் நான் பார்த்திருக்கிறேன்.

கேட்டுச் சிரிப்பது எமக்குப் புதிதுமல்ல. எழுபதுகளில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்ட தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கிறது. அது 1976 இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. என் தலைமுறைக்கு வாய்த்தது வேறு. தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து கசெற் கேட்போம். எங்கள் வீட்டில் அண்ணைதான் சுற்றுவார். பகிடி வந்தால் அவருக்கும் சிரிப்பு வரும், சில்லு தளரும், கசெற்றில் பேசுகிற ஆளின் குரல் இழுபட்டுப் பேயின் குரல்போலத் தேயும். "சிரிக்காமல் சுத்தடா" என்று அம்மா கத்துவா. டல்போட் தன் வீட்டில் துவக்கும் ரவையும் சாப்பாடும் அடுக்கிவைத்திருந்ததைப் பெருமையாக வாசிக்கும் இடத்தில் எனக்கு அந்த டைனமோதான் நினைவுக்கு வந்தது. அழிவுக்கு ஆயத்தமாவது அமெரிக்கனுக்கு ஒரு பொழுதுபோக்கு. எமக்கு ஆயத்தமாவதற்கான சாமானே வடக்கே வர விடப்படவில்லை.

இனி, நண்பரின் கேள்விக்கு நெருங்கி வருகிறேன். என் வேலைத்தலத்திலிருந்து சில மைல் தூரத்தில், வெஸ்ட் வின்சர் பகுதியில், குரோவர்ஸ் மில் என்ற சிறிய இடம் உண்டு. 1938 ஒக்டோபர் 30 இரவு, ஓர்சன் வெல்ஸின் வானொலி நாடகத்தில் செவ்வாய்க் கிரகத்தவர் வந்திறங்கியது இங்கேதான். பிரதியை எழுதிய ஹோவர்ட் கொக், வரைபடத்தில் கண்ணை மூடிப் பென்சிலை வைத்து இந்த இடத்தைத் தெரிந்ததாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். செய்தி அறிக்கைபோல அமைந்த அந்த நாடகத்தை மெய்யென்று நம்பி நாடே வீதிக்கு ஓடியதாகப் பத்திரிகைகள் எழுதின. அது பெரிதும் ஊதிப்பெருப்பிக்கப்பட்ட கதை என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆனாலும் சிலர் பயந்தது மெய். இன்று அங்குள்ள பூங்காவில் அதற்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒருநாள் வேலை முடிந்து காலையில் போய்ப் பார்த்தேன். நடக்காத ஒரு இடப்பெயர்வுக்கு வைத்த நினைவுச் சின்னம்!

அதே ஒக்டோபர் 30, 1995. 'சூரியக்கதிர்' என்று பெயரிட்ட இராணுவ நடவடிக்கை வலிகாமத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் உடனே தென்மராட்சிக்கு வெளியேறவேண்டும் என்று புலிகளின் வாகனங்கள் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போயின. எமக்கும் அது ஒரு குரலாகத்தான் வந்தது. நாம் நம்பினோம், நடந்தோம். இலட்சக்கணக்கான சனம், ஒரே வீதி, நாவற்குழிப் பாலம், மழை. குடையை மல்லாத்திப் பிடித்து மழைத் தண்ணீர் குடித்தவர்களைக் கண்டேன். எனக்குப் பதினாறு வயது.

அந்த இரவு பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை ஒன்று இருக்கிறது. ஊரே வெளிக்கிட்டுவிட்டது, அப்பப்பாவை மட்டும் காணவில்லை. தேடினால், கிணற்றடியில் அரிக்கன் லாம்பைக் கொளுத்திவைத்துக்கொண்டு முகச்சவரம் செய்கிறார். "இப்பவோ ஐயா உது?" என்று அப்பா கத்த, "போற இடத்தில சனம் என்ன நினைக்கும்?" என்று அவர் நிதானமாக மற்றக் கன்னத்துக்கு நுரை பூசினார். அம்மா இதைச் சொல்லும்போது இன்றைக்கும் கண்ணீர் வரச் சிரிப்பா. அப்பப்பா கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வாங்கில், மூன்றாம் கிழமை செத்துப்போனார். அதையும் அதே மூச்சில்தான் சொல்லுவா. அவவுக்கு அவை இரண்டு கதைகளல்ல.

எம்முடைய எழுத்தில் இந்தச் சிரிப்பு எங்கே போயிற்று? இடப்பெயர்வு பற்றி நாம் எழுதிய கவிதைகளையும் கதைகளையும் எடுத்துப் பாருங்கள். அழுகையும் சாபமும் சபதமும் நிறைய உண்டு. அவற்றின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் முகச்சவரம் செய்த கிழவருக்கு அங்கே இடமில்லை. துயரத்துக்குரிய மரியாதை என்று நினைத்து நாம் மனிசரின் பாதியை வெட்டி எறிந்துவிட்டோம். சந்தைக்காக எழுதுகிற ஒரு அமெரிக்கனிடம் அந்தப் பாதியை நான் திரும்பக் கேட்டபோதுதான், இல்லாததென்ன என்று விளங்கியது. ஆகவே நண்பரே, உங்கள் கேள்விக்கு என் முதற் பதில்: நடந்து வந்தவன் என்பதனால்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எனினும் இத்தோடு நிறுத்தினால் நான் விமர்சனம் எழுதியவனாக மாட்டேன். ஆறு பாகங்கள் கேட்டதில் என்னைத் தொந்தரவு செய்த இடங்களும் உண்டு. தடுப்பூசியே கொள்ளைநோயாக மாறுகிறது என்ற அடிப்படைப் பகிடி 2020 இற்குப் பிறகு கேட்பவனுக்கு உறைக்கிறது. அந்தச் சித்திரையில் நியூ ஜேர்சியில் ஆயிரக்கணக்கானோர் சாக, பண்டகசாலைகள் பூட்டப்படவில்லை, நாங்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். தடுப்பூசி எப்போது வரும் என்று நாள் எண்ணியவன் நான். பெண்கள் பற்றிய பகிடிகளும் ஒரே அச்சில் வார்த்தவை. ட்ரேசி கெட்டிக்காரிதான், ஆனால் புருசனைத் திட்டுவதற்கே அவளுக்கு அதிக வசனம் தரப்பட்டிருக்கிறது.

இவை சில்லறைக் குறைகள். பெரிய குறை வேறு. ரனெட்டின் குரலில் டல்போட் பேசுகிறான், அவனுடைய கறுப்பின நண்பன் பி.ரி. பேசுகிறான், நாய்க்குக்கூட ஒரு குணச்சித்திரம் கிடைக்கிறது. செத்தவர்களுக்கு மட்டும் உறுமல்தான். எலைசா என்ற இரத்தக்காட்டேரிக்குப் பேச்சு உண்டு. அவள் எசமானி என்பதால். கூட்டத்துக்குப் பேச்சு இல்லை. பேச்சு இல்லாததைச் சுடலாம், சுட்டுவிட்டுப் பகிடியும் விடலாம். மதிலுக்கு வெளியே அந்தக் கூட்டம் வந்து குவிகிற இடத்தைக் கேட்டபோது, பெட்டியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டேன். மெதுவாக, நெருக்கியடித்து, பின்னால் வருபவர் தள்ள முன்னால் நகர்கிற கூட்டம். எனக்கு அந்த நடை தெரியும். நாவற்குழியில் நாங்கள் அப்படித்தான் நடந்தோம். இதுவரை மதிலுக்கு உள்ளே நின்று சிரித்தவன், அந்தக் கணத்தில் வெளியே நின்றேன்.

ஸொம்பி என்ற சொல்லின் வரலாறும் இதையே சொல்கிறது. அது ஹெயிட்டியின் அடிமைகளிடமிருந்து வந்தது. செத்தபிறகும் விடுதலையில்லாமல் எசமானுக்காக வயலில் உழைக்கவேண்டிவரும் என்ற பயம் அது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹெயிட்டியைப் பிடித்துவைத்திருந்த காலத்தில்தான் இந்தக் கதை அமெரிக்க மக்களிடையே பரவி, 1932 இல் 'வைற் ஸொம்பி' என்ற படமாயிற்று. 1968 இல் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்த படத்துக்குப் பிறகு அது மனிசரைத் தின்னும் கூட்டமாயிற்று. அடிமையின் பயம், காலப்போக்கில், கூட்டத்தைக் கண்டு வீட்டுக்காரன் கொள்ளும் பயமாகத் தலைகீழாகிவிட்டது. அகதிகளைப் பற்றி எழுதும்போது வெள்ளம், படையெடுப்பு என்று பத்திரிகைகள் எழுதுவதை நாம் வாசித்தவர்கள்தானே.

தமிழிலும் நிலைமை மாறவில்லை. ஜெயம் ரவி நடித்த 'மிருதன்' 2016 இல் வந்தது. யோகி பாபு நடித்த 'ஸோம்பி' என்ற நகைச்சுவைப் படம் 2019 இல் வந்தது. அங்கேயும் நோயுற்ற கூட்டம் வெறும் இலக்குத்தான். ஆனால் எம்மிடம் இதைவிடப் பழைய மாதிரி ஒன்று இருக்கிறது: விக்கிரமாதித்தன் கதை. முருங்கை மரத்தில் தொங்குகிற பிணத்தை அரசன் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். பிணத்தினுள் இருக்கும் வேதாளம் அவனுக்குக் கதை சொல்கிறது, விடுகதை போட்டு அவனை மடக்குகிறது, வாய் திறந்தால் சிரித்துக்கொண்டு மரத்துக்குத் திரும்பிப் போகிறது. அங்கே வாள் வைத்திருப்பவன் கேட்கிறான், பிணம் பேசுகிறது. இருட்டில் நடந்துகொண்டு காதால் கேட்கிற அந்தக் கதையும் ஒருவகை ஒலிப்புத்தகந்தான். டுஃபோவின் பகிடியில் நான் காணாதது இதைத்தான்.

ஆறாம் பாகத்தை முடித்துவிட்டேன். ஏழாவதையும் கேட்பேன், அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை. ஆனால் நான் உண்மையில் கேட்க விரும்புகிற தொடர் இன்னும் பதிவாகவில்லை. அது 1995 ஐப்பசியில் தொடங்கும், எங்கள் பேச்சுத்தமிழில் இருக்கும், சிரிப்பு மூட்டும். அதிலே அப்பப்பா பேசுவார். நாவற்குழி தாண்டாமல் போனவர்களும் பேசுவார்கள். இன்றைக்கு அதற்கு ஸ்ரூடியோகூடத் தேவையில்லை, ஒரு கைத்தொலைபேசி போதும். அம்மாவின் குரலில் முதற் கதையை நான் பதிவுசெய்துவிட்டேன். பதினொரு நிமிடம். நுரை பூசும் இடத்தில் அவ சிரிக்கத் தொடங்கி, நாற்பது செக்கனுக்குப் பேச்சு வரவில்லை. அந்த நாற்பது செக்கனையும் நான் வெட்டவில்லை.

மூத்த நண்பர் இதை வாசித்தும் உடன்படாமல் போகலாம். சிரிப்பு, நடந்ததை இலேசாக்கிவிடும் என்பது அவர் கட்சி. அப்படி இலேசாகிப்போன ஒரு உதாரணத்தை அவர் எழுதினால் அடுத்த இதழில் பேசலாம்.