மணலைப் பார்க்காத எழுத்து

கடற்கரை மனிதர்களைப் பற்றிய நாவல்கள் சிலவற்றைச் சமீபத்தில் வரிசையாகத் திரும்பப் படித்தேன். அவற்றின் கலை வெற்றி தோல்விகளை மீறி ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள். மணலைப் பார்ப்பவர்கள் குறைவு. நெய்தலை வரையறுக்க வந்த தொல்காப்பியர் அந்த நிலத்துக்கு அடையாளமாக மணலைத்தான் சொன்னார். காரணமில்லாமல் சொல்லியிருக்க மாட்டார். கட்டுமரத்தைப் பிரித்து உலர்த்துவது, வலை பழுது பார்ப்பது, கரைவலை இழுப்பது, ஏலம், பங்குச் சண்டை, பஞ்சாயத்து, அம்மன் திருவிழா எல்லாம் மணலில்தான் நடக்கின்றன. அதில் எந்தத் துண்டும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் எந்தத் துண்டு யாருடைய உபயோகத்துக்கு என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பணமும் சட்டமும் குலைப்பது இந்த அறிவைத்தான்.

பணம் கடற்கரைக்குள் நுழைவதை நம் நாவல்கள் கவனிக்காமலில்லை. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் நமக்குக் கிடைத்த தகழியின் 'செம்மீனி'ல் பணம் செம்பன்குஞ்சு என்ற தனி மனிதனின் ஆசை. தோணியும் வலையும் சொந்தமானதும் அவன் மாறிப்போகிறான். ஆனால் கற்பையும் கடலம்மையையும் இணைக்கும் ஐதீகம் வந்து, நாவலின் பொருளாதாரத்தை ஒரு திரை போல மூடிவிடுகிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) இன்னும் ஸ்தூலமானது. அங்கே பணம் லாஞ்சாக வருகிறது; வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிடச் சொல்லும் மகனாக வீட்டுக்குள்ளேயே உட்காருகிறது. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) தொழிலின் நுட்பங்களை உள்ளிருந்து சொன்னது. இவற்றில் பணமும் பெரும்பாலும் கடலுக்குத்தான் போகிறது, மீனைத்தான் தேடுகிறது.

சென்னையில் நடந்தது வேறு. இங்கே வந்த பணத்துக்கு மீன் தேவைப்படவில்லை. அதற்குக் காட்சி வேண்டியிருந்தது.

மெரினாவின் அகன்ற மணற்பரப்பே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த துறைமுகத்தின் விளைவு. வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்துத் தெற்கே குவித்தது; வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஒரு பக்கத்தில் நகரத்தார் உலாவப் போன மணல், இன்னொரு பக்கத்துக் குப்பங்களுக்குக் கிடைக்காமல் போன மணல். 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களும் வலைகளும் அகற்றப்பட்டன. எதிர்ப்பு கிளம்பியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்போது முதலமைச்சராக இருந்தவர் 'படகோட்டி'யில் (1964) மீனவனாக நடித்தவர். திரையில் அழகாக இருந்த கட்டுமரம் கரையில் அசிங்கமாகிவிட்டது.

1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதை நான் பழிக்கமாட்டேன். அது இல்லாவிட்டால் அலை ஓரத்திலேயே அடுக்குமாடிகள் நின்றிருக்கும். ஆனால் கட்டடம் நிறைந்த நகரப் பகுதிகளுக்கு அது வைத்த விதியைப் பாருங்கள்: ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலப்பக்கம் கட்டலாம், கடற்பக்கம் கூடாது. சாலைக்குக் கடற்பக்கம் இருப்பது பெரும்பாலும் குப்பம். சுனாமிக்குப் பிறகு 2005-ல் வந்த அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு, பழைய இடத்தை விட்டுக்கொடுத்தால் தள்ளிப் புதுவீடு என்றது, மறுத்தால் உதவியில்லை. சென்னைக் கரையிலிருந்து பலர் செம்மஞ்சேரிக்குப் போனார்கள். 2019-ன் அறிவிக்கையில் ஜனநெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளுக்கு அதே 200 மீட்டர் 50 ஆகச் சுருங்கியது. மீனவர் அமைப்புகளே அதை எதிர்த்தன என்பதிலிருந்து, நெகிழ்வு யாருக்குப் பயன்படும் என்று அவர்கள் கருதினார்கள் என்பது விளங்கும்.

2023-ல் நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் ரோட்டில் மீன் விற்பது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. 2024-ல் அங்கே மீன் அங்காடி திறக்கப்பட்டது. தலைக்கு மேல் கூரை கிடைத்தது. வசதிதான், சந்தேகமில்லை. ஆயினும் மாமியார் உட்கார்ந்த இடம் என்பதால் அந்த இடத்தில் உட்கார்ந்த பெண், இனி ஒதுக்கீடு பெற்றவள். முன்பு பக்கத்தில் இருப்பவளோடு சண்டை போட்டு, ஊர்ப் பெரியவர்கள் முன் தீர்த்துக்கொண்ட விஷயத்துக்கு இனி மனு எழுத வேண்டும். ஒரு சமூகத்தின் குணம் மாறுவதை நான் இங்கேதான் காண்கிறேன். வீடு இடிபடுவதைப் போல இது கண்ணில் படாது. அதனாலேயே இது பத்திரிகைச் செய்தியைவிட நாவலுக்கு உரிய விஷயம்.

மொழியும் இதற்குச் சாட்சி. வரி விதிப்புக்குப் புறம்பான, எல்லோருக்கும் பொதுவான நிலம் புறம்போக்கு. அந்தச் சொல் நம் வாயில் வசையாகிவிட்டது. காகிதத்தில் பெயர் ஏறாத எதையும் நாம் மதிப்பதில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

இந்தக் குற்றச்சாட்டில் நானும் அடக்கம். பெசன்ட் நகர்க் கடற்கரையில், ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் அருகே எத்தனையோ மாலைகள் உட்கார்ந்து கவிதை எழுதியிருக்கிறேன். அலை, நிலவு, தனிமை, இருத்தலின் வெறுமை எல்லாம் அவற்றில் உண்டு. வடக்கே கூப்பிடு தூரத்தில் ஊரூர் குப்பம். அது ஒரு வரியில்கூட இல்லை. காற்று வாங்க வந்தவர் எதைப் பார்த்து உட்கார்ந்தாரோ அதையே பார்த்து நானும் உட்கார்ந்தேன். அவர் ரசித்துவிட்டு எழுந்து போனார். நான் அதற்குத் தத்துவம் சேர்த்தேன். கட்டுமரத்தை அசிங்கமென்று அகற்றிய பார்வைக்கும் என் கவிதையின் பார்வைக்கும் எவ்வளவு தூரம் என்று யோசிக்கையில் கூச்சமாக இருக்கிறது.

அடுத்து ஒருவர் கடற்கரை நாவல் எழுத வந்தால், புயலையும் திரும்பி வராத தோணியையும் கொஞ்சம் ஒத்திவைக்கட்டும். சுவரில் ஒட்டிய ஒதுக்கீட்டுப் பட்டியலில் தன் பெயரைத் தேடி, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நிற்கும் ஒரு மீன்காரியிடமிருந்து தொடங்கட்டும்.