ஷெர்லி என்ற பெயர்

ஷெர்லி என்றதும் இன்று நம் மனத்தில் ஒரு பெண்தான் வந்து நிற்கிறாள். சார்லட் ப்ராண்ட்டி 1849இல் வெளியிட்ட ‘ஷெர்லி’ நாவலைப் படிக்கிறவனுக்கு இதுவே முதல் இடைஞ்சல் என்று எனக்குத் தோன்றுகிறது.

அது ஆதியில் ஆணின் பெயருமல்ல, பெண்ணின் பெயருமல்ல, ஊரின் பெயர். இங்கிலாந்தில் டெர்பிஷையரிலும் ஹாம்ப்ஷையரிலும் ஷெர்லி என்ற ஊர்கள் இருக்கின்றன. காட்டைத் திருத்திய வெளி என்பது பெயரின் பின்பாதிக்குப் பொருள். முன்பாதிக்கு வெளிச்சம் என்றும், ஜில்லா என்றும் இருவிதமாகப் பொருள் சொல்வார்கள். ஊர்ப்பெயர் குடும்பப் பெயராயிற்று. நாவலில் அந்தக் குடும்பப் பெயர் ஒரு பெண்ணுக்கு வந்து சேருகிறது.

ஆண் குழந்தைக்காக ஏங்கிய பெற்றோருக்கு, எட்டு வருஷத்துக்குப் பிறகு, பெண் பிறக்கிறது. பிள்ளைக்கென்று வைத்திருந்த பெயரை அவளுக்கே சூட்டிவிடுகிறார்கள். வளர்ந்ததும் அவள் சொத்துக்கு உடையவளாகிறாள். தன்னைக் காப்டன் கீல்டார் என்று சொல்லிக்கொண்டு, பண்ணைக்கார ஆண்பிள்ளையின் தோரணையில் பேசுகிறாள். வெறிநாய் என்று அஞ்சத்தக்க நாய் கடித்தபோது, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைத் தானே சுட்டுக்கொள்கிறாள். இதைச் செய்தவள் உண்மையில் சார்லட்டின் தங்கை எமிலி. ஆரோக்கியமும் செல்வமும் வாய்த்திருந்தால் எமிலி எப்படி இருந்திருப்பாளோ அதுதான் ஷெர்லி என்று சார்லட்டே சொன்னதாக, அவள் சரித்திரத்தை 1857இல் எழுதிய திருமதி காஸ்கெல் குறிப்பிடுகிறாள். நாவல் பாதியில் நிற்கையில், 1848 டிசம்பரில் எமிலி இறந்துபோனாள்.

சகோதரிகள் மூவரும் ஆணா பெண்ணா என்று தெரியாத புனைபெயர்களில் எழுதியவர்கள். சார்லட்டின் பெயர் கர்ரர் பெல். ஆண் பெயர் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு இடம் வாங்கித் தரும் என்பதை அவள் அனுபவித்து அறிந்தவள். அப்படிப்பட்டவள் கடைசியில், ஷெர்லியைப் பழைய உபாத்தியாயர் லூயி மூருக்கு மணம் முடித்து, அவரையே எஜமானராக ஏற்கச் செய்துவிடுகிறாள். என் மனம் இதை ஒப்பவில்லை. பெயர் கொடுத்த துணிச்சலைக் கதை திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

ஆனால் வாசகர்கள் பெயரை விடவில்லை. நாவலுக்குப் பிறகு அதைப் பெண்களுக்கு வைக்கலானார்கள். 1928இல் பிறந்த ஷெர்லி டெம்பிள், குழந்தை நட்சத்திரமாகி, 1930களில் அதை எங்கும் பரப்பினாள். சுருட்டைமுடியும் கன்னக்குழியுமாக அந்தப் பெயருக்கு ஒரு புது முகம் வந்தது. காப்டன் கீல்டார் மறைந்துபோனாள்.

1849இல் அந்தப் பெயரே வாசகனைத் திடுக்கிட வைத்திருக்கும். இன்று அது காதில் இனிமையாக விழுகிறது. தன் வெற்றியாலேயே தன் முதல் அடியின் வேகத்தை இழந்த நாவல் இது. படிக்க எடுக்கிறவர்கள் ஷெர்லி என்று வரும் இடமெல்லாம் ஓர் ஆண் பெயரை நினைத்துக்கொண்டு படிக்கட்டும். எமிலியின் குரல் கொஞ்சம் கேட்கும்.