ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும்

காசநோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் அந்த நோய் வராமல் தடுக்க, தலைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் கொடுத்தால் பலன் உண்டா? ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு கேட்ட கேள்வி இதுதான். 2023 ஆகஸ்டில் ‘தி லான்செட்’ இதழில் விடை வெளியானது. உணவு பெற்ற வீடுகளில் காசநோய் 39 சதவீதம் குறைவு. கிருமி இருப்பது ஆய்வகத்தில் உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம் குறைவு.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அப்படிப்பட்ட நாட்டில் இந்த முடிவு பெரும் வரவேற்பைப் பெற்றதில் வியப்பில்லை. உணவே தடுப்பூசி என்றுகூடப் பேச்சு எழுந்தது. நல்ல செய்தி என்பதற்காக உரசிப் பார்ப்பதைத் தளர்த்தக் கூடாது. ஒரு புதிய மருந்து இதே எண்களோடு வந்தால் என்னென்ன கேட்போமோ, அத்தனையையும் இந்த அரிசியிடமும் பருப்பிடமும் கேட்டாக வேண்டும். கேட்டால், ஆய்வின் ஒரு பகுதி அசையாமல் நிற்கிறது. இன்னொரு பகுதிக்கு அந்த உறுதி இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதில்தான் சிக்கல்.

மங்களூரு யேனெபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் முன்னின்று நடத்திய ஆய்வு இது. சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. நிதி கொடுத்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். காசநோய்த் திட்டத்தின் நிர்வாகப் பிரிவுகளான 28 காசநோய் அலகுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வசித்த 10,345 பேர். நோயாளிகளுக்கு இரண்டு பக்கமும் மாதம் பத்து கிலோ உணவுக் கூடை போனது. வேறுபாடு வீட்டாரிடம் மட்டும். ஒரு பக்கத்து வீட்டாருக்கு ஆறு மாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கிடைத்தன. நாளொன்றுக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம் என்று கணக்கு. மெலிந்தே இருந்தவர்களுக்கு ஓராண்டு வரை நீட்டித்தார்கள். மறுபக்கத்து வீட்டார் வழக்கமான சாப்பாட்டையே சாப்பிட்டார்கள். 2022 ஜூலை வரை தொடர்ந்து கவனித்ததில் இரு பக்கமும் சேர்த்து 218 பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்தது.

முதல் ஐயம், மறைப்பு இல்லாதது. மருந்து ஆய்வென்றால் ஒரு சாராருக்கு வெற்று மாத்திரை கொடுத்து, யாருக்கு எது போனது என்று யாருக்கும் தெரியாமல் வைக்கலாம். அரிசி மூட்டையை அப்படி மறைக்க முடியாது. உணவு போகும் வீட்டில் இருமலை லேசாக எடுத்துக்கொள்வதும், போகாத வீட்டில் எக்ஸ்ரேயில் சிறு நிழல் கண்டாலே காசநோய் என்று எழுதிவிடுவதும் நடக்கக்கூடியவை. அப்படி நடந்திருந்தால் பலன் எங்கே பெருத்துத் தெரிய வேண்டும்? மருத்துவரின் கணிப்பை மட்டும் நம்பிய நோயறிதல்களில்தான். ஆய்வில் கண்டது அதற்கு நேர்மாறு. யாருடைய எதிர்பார்ப்பும் எளிதில் நுழைய முடியாத ஆய்வக முடிவுகளில்தான் பலன் கூடுதலாக இருந்தது. ஐயத்தை இது முற்றிலும் போக்கிவிடாது, பெரும்பகுதியைப் போக்குகிறது.

இரண்டாவது ஐயம், மற்ற உணவு உதவிகள். ஆய்வுக் காலத்தின் நடுவில் கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் தொடங்கி மத்திய அரசு பல மாதங்கள் ரேஷன் அட்டைதாரர்களுக்குத் தலைக்கு ஐந்து கிலோ தானியம் கூடுதலாக இலவசமாகக் கொடுத்தது. அது இரு பக்கத்து வீடுகளுக்கும் போயிருக்கும். போதாக்குறைக்கு, நோயாளிக்குக் கொடுத்த பத்து கிலோ கூடையும் இருக்கிறது. ஏழை வீட்டில் அடுப்பு ஒன்றுதான். அப்பாவுக்கு வந்த பருப்பு அப்பாவின் தட்டோடு நின்றுவிடாது. ஆகவே உணவு பெறாத பக்கமும் ஓரளவு உணவு பெற்றிருக்கிறது. இது இரு பக்கங்களுக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்குமே தவிர, இல்லாத பலனை உண்டாக்காது. அத்தனைக்குப் பிறகும் இடைவெளி தெரிகிறது என்பது ஆய்வுக்கு வலுச் சேர்க்கிறது.

குறைகளும் உண்டு. 39 சதவீதம் என்பது நடுக் கணிப்பு. உண்மைப் பலன் 15 முதல் 57 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். பத்தாயிரம் பேர் என்பது பெரிய எண்தான், ஆனால் குலுக்கிப் பிரித்தது 28 அலகுகளை மட்டுமே. பலன் உண்டு என்பதை நம்பலாம். ‘ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும்’ என்று மேடையில் அடித்துச் சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை.

எது வேலை செய்தது என்பதும் தெளிவில்லை. அரிசி, பருப்பு, மாத்திரை மூன்றும் சேர்ந்தே போனதால் பிரித்தறிய வழியில்லை. மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் 8,851 பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. மூன்றாண்டுகள் வாராவாரம் வைட்டமின் டி கொடுத்தும் காசநோய்க் கிருமி தொற்றுவது குறையவில்லை. அது தொற்றைப் பற்றியது, ஜார்க்கண்ட் ஆய்வு நோயைப் பற்றியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனாலும் ஒற்றைச் சத்தை மாத்திரையாக்கிக் கொடுத்து இந்த வேலையை முடித்துவிடலாம் என்ற ஆசைக்கு இதுவரையான சான்றுகள் துணை நிற்கவில்லை. பலன் முழு உணவுக்கே என்று எடுத்துக்கொள்வதுதான் இப்போதைக்கு நியாயம்.

யாருக்குப் பொருந்தும் என்பது அடுத்த கேள்வி. பங்கேற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சந்தால், ஹோ, முண்டா போன்ற பழங்குடி மக்கள். வீட்டாரில் 34 சதவீதத்தினர் ஊட்டச்சத்துக் குறைவுடையவர்கள். ரேஷனில் தானியம் கிடைத்தாலும் பருப்பு அரிதாகவே தட்டுக்கு வரும் வீடுகள் அங்கே ஏராளம். தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம்பருப்பும் அட்டைக்கு ஒரு கிலோ மானிய விலையில் உண்டு. அதோடு, இங்கே காசநோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. சர்க்கரை உள்ள குடும்பத்துக்குக் கூடுதல் அரிசி நன்மையா என்று இந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. ஜார்க்கண்டின் கூடையை அப்படியே தூக்கிவந்து திருவள்ளூரில் இறக்குவது அறிவியல் ஆகாது. பருப்பு, முட்டை, நிலக்கடலை என்று கூடை மாறியாக வேண்டும்.

செலவையும் நேராகப் பார்ப்போம். ஒருவருக்குக் காசநோய் வராமல் தடுக்க 30 வீடுகளில் 111 பேருக்கு உணவு கொடுக்க வேண்டும் என்கிறது ஆய்வு. எல்லோருக்கும் முழுப் பங்கு, ஆறு மாதம் என்று வைத்துப் பெருக்கினால் சுமார் 3,330 கிலோ அரிசி, 1,000 கிலோ துவரம்பருப்பு. ஒரு நோயைத் தடுக்க நான்கு டன்னுக்கு மேல் உணவு! காசநோய் வராமலிருக்க வீட்டாருக்குக் கொடுக்கும் தடுப்பு மாத்திரையோடு வெறும் செலவில் ஒப்பிட்டால் உணவு தோற்றுவிடும். ஆனால் அந்த ஒப்பீடு முழுமையானதல்ல. நோய் வராமலே இருந்திருக்கக்கூடிய மற்றவர்களுக்குத் தடுப்பு மாத்திரையால் வேறு எந்தப் பயனும் இல்லை. பக்கவிளைவு வேண்டுமானால் வரலாம். நான்கு டன் உணவோ 111 பேரின் வயிற்றுக்கும் போகிறது. கர்ப்பிணிக்கும் வளரும் பிள்ளைக்கும் அதனால் கிடைப்பதைக் காசநோய்க் கணக்கில் எழுதவில்லை என்பதற்காக அது இல்லையென்று ஆகிவிடாது. அதே சமயம் உணவு வந்துவிட்டது என்று தடுப்பு மாத்திரையைக் கைவிடவும் இந்த ஆய்வு அனுமதி தரவில்லை. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி அது ஒப்பிடவே இல்லை.

இனி, உறுதி குறைந்த பகுதி. அதே நோயாளிகளைப் பற்றிய இன்னொரு கட்டுரை ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்தது. சிகிச்சை தொடங்கும்போது ஆண்களின் சராசரி எடை 42.6 கிலோ; பெண்களின் சராசரி 36.1 கிலோ. ஐந்தடி உயரமுள்ள வளர்ந்த பெண் 36 கிலோ என்றால் தோளெலும்பும் விலாவும் துருத்தி நிற்கும் உடம்பு. நம் ஊரில் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எடை. முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஐந்து சதவீதம் என்பது இரண்டு கிலோவுக்கும் குறைவு.

நெஞ்சைத் தொடும் எண்தான். ஆனால் ‘உணவு கொடுத்தால் காசநோய் இறப்பு 61 சதவீதம் குறையும்’ என்று இதைச் சொல்வது தவறு. இங்கே எல்லா நோயாளிகளுக்கும் உணவு போயிற்று. உணவு பெறாத நோயாளிகள் என்ற ஒப்பீடே கிடையாது. மருந்து கேட்டு உடம்பு தேறியவருக்குப் பசி எடுத்திருக்கும், சாப்பிட்டிருப்பார், எடை கூடியிருக்கும். நோய் முற்றி இறந்துகொண்டிருப்பவருக்குச் சோறு இறங்காது. எடை கூடியதால் பிழைத்தாரா, பிழைக்கும் நிலையில் இருந்ததால் எடை கூடியதா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. எடை ஏறாத நோயாளியை உடனே கவனி என்ற எச்சரிக்கை மணியாக இந்த எண்ணை எடுத்துக்கொண்டால் அது பொன்னானது. உணவின் பலனுக்குச் சான்றாக நிறுத்தினால் தாங்காது.

தமிழ்நாடு எச்சரிக்கை மணி என்ற பொருளில்தான் செயல்பட்டது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளி வந்ததுமே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மோசமானவர்களைப் பிரித்தெடுத்து மருத்துவமனையில் சேர்க்கிறது. எடை என்பது அங்கே பதிவேட்டில் நிரப்பும் ஒரு கட்டமாக இல்லாமல், செயலைத் தூண்டும் எண்ணாக இருக்கிறது. ஆய்வு முடிவைச் சரியாகப் புரிந்துகொண்டால் செய்ய வேண்டியதும் இதுவே.

ஜார்க்கண்ட் ஆய்வு, புகழ்பெற்ற சென்னை ஆய்வைப் பொய்யாக்கிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். 1956இல் தொடங்கிய அந்த ஆய்வு நோயாளிகளை வீட்டிலும் சானடோரியத்திலும் வைத்துச் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. எடையும் அங்கேதான் அதிகம் ஏறியது. ஆனாலும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதால் வீட்டிலிருந்தவர்களும் அவர்களுக்குப் பெரிதும் குறையாமல் குணமானார்கள். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஆய்வு கேட்டது ‘மருந்து சாப்பிடும் நோயாளி குணமாகச் சத்தான சாப்பாடு கட்டாயமா’ என்று. ஜார்க்கண்ட் ஆய்வு கேட்டது ‘நோய் வராதவருக்கு வராமல் காக்கச் சாப்பாடு உதவுமா’ என்று. கேள்விகள் வேறு; இரண்டு விடைகளும் உண்மையாக இருக்கலாம். பிழை சென்னை ஆய்வில் இல்லை. ‘குணமாக உணவு கட்டாயமில்லை’ என்பதைக் காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் நீட்டிக்கொண்டு, பல பத்தாண்டுகள் உணவைத் திட்டத்துக்கு வெளியே வைத்ததுதான் பிழை.

ஒப்பீட்டுக் குழுவின் வீட்டாருக்கு உணவு மறுத்தது அறமா என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. பசித்தவருக்கு உணவு நல்லது என்று காட்ட ஆய்வு வேண்டியதில்லை. ஆனால் காசநோய்த் திட்டம் அதற்குப் பணம் ஒதுக்க ஆய்வு வேண்டியிருந்தது என்பதே நடப்பு. சான்று இல்லை என்று சொல்லித்தான் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். ஆய்வாளர்கள் இரு பக்கத்து நோயாளிகளுக்கும் உணவு கொடுத்ததால், செய்யக்கூடிய அளவு நியாயத்தைச் செய்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் விடை தெரிந்துவிட்ட பிறகு, இதேபோல் பசி மிகுந்த பகுதியில் உணவு தராத ஒரு குழுவை வைத்து இன்னொரு முறை சோதிப்பதற்கு எந்த நியாயமும் இருக்காது.

என் தீர்ப்பு இது. ஊட்டச்சத்துக் குறைவு மிகுந்த பகுதிகளில், காசநோயாளியின் வீட்டாருக்கு உணவு கொடுத்தால் புதிய நோய் குறையும் என்பது செயல்படப் போதுமான அளவு நிறுவப்பட்டுவிட்டது. எவ்வளவு குறையும் என்பது நிறுவப்படவில்லை. நோயாளியின் இறப்பை உணவு குறைக்கும் என்பது நம்பத்தக்க ஊகம். நிறுவப்பட்ட உண்மை அல்ல.

இதை வைத்துப் பார்த்தால் நம் கொள்கை தவறான இடத்தில் தயங்கி நிற்கிறது. 2018 முதல் நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் போடப்படுகிறது. சான்று வலுவாக இருப்பது வீட்டாருக்கான உணவில். அவர்களுக்கும் உணவுக் கூடை என்று 2024இல் அறிவித்தார்கள். ஆனால் அதை நன்கொடையாளர்களின் மனம் இரங்குவதை நம்பிய திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். தடுப்பூசியை நாம் நன்கொடையாளருக்குக் காத்திருந்து போடுவதில்லை. நோய் உறுதியான அன்றே வீட்டிலுள்ள எல்லோரின் எடையையும் எழுதி, அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டையிலேயே கூடுதல் பருப்பையும் தானியத்தையும் ஆறு மாதத்துக்கு உரிமையாகச் சேர்க்க வேண்டும். கூடவே தடுப்பு மாத்திரையும் போக வேண்டும். மாவட்டம் மாவட்டமாகத் தொடங்கி, எங்கே எவ்வளவு பலன் என்று அளந்துகொண்டே விரிக்கட்டும். மீதமுள்ள ஐயங்களுக்கு விடை தேட நேர்மையான வழி அதுவே; அவற்றைக் காரணம் காட்டி உணவை நிறுத்தி வைக்க இனி இடமில்லை.