கட்டைவிரல் அறியும் வீக்கம்

மூட்டை அழுத்திப் பார்க்கும் மருத்துவரின் கட்டைவிரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தன் நகம் வெளுக்கும்வரை அழுத்த வேண்டும், அதற்குமேல் கூடாது. அதுதான் அளவு. தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கைவிரல் மூட்டுகள் என மொத்தம் 28. வலிப்பது எத்தனை, வீங்கியது எத்தனை என்று தனித்தனியே எண்ணுவார்கள்.

முடக்குவாதத்துக்காகப் பிறந்த இந்தக் கணக்கு, சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ் வந்தவரின் கையில் திணறுகிறது. தோல் தடித்து இறுகிவிடுவதால், உள்ளே மூட்டுச்சவ்வு வீங்கினாலும் மேலே தெரிவதில்லை. ஆரம்பக் கட்டத்திலோ விரல்கள் முழுக்கவே உப்பியிருக்கும். விரல் மடங்காதது அழற்சியாலா, தோல் இழுப்பதாலா? பழகிய கையின் அருமை அங்கேதான் தெரியும். கணுக்காலை அசைக்கச் சொல்லி, தசைநாண்மேல் உள்ளங்கையை வைப்பார்கள். சிலருக்குப் புதுத் தோல் செருப்பு மடங்குவதுபோல ஒரு நறநறப்பு தட்டுப்படும். நோய் தீவிரமாகலாம் என்பதற்கு அது முக்கியமான தடயம். அந்த நறநறப்பை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது.

சந்தேகம் தீராவிட்டால் அல்ட்ராசவுண்ட். அதன் பவர் டாப்ளர் முறையில், அழற்சி கண்ட சவ்வின் ரத்த ஓட்டம் செம்மஞ்சளாக ஒளிரும். குளிர்பட்டால் இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு விரல் வெளுத்து நீலம் பாரித்துவிடும். அதனால், ஸ்கேனுக்குத் தோலில் பூசும் ஜெல்லை முன்பே வெதுவெதுப்பாக்கி வைக்கும் டெக்னீஷியன், என் கணக்கில், பாதிப் பரிசோதனையை அப்போதே சரியாகச் செய்துவிட்டார்.