ஆசிரியர் படிக்கத்தக்க நூல்: நன்னூற் பொதுப்பாயிரம் – ஒரு மறுவாசிப்பு

தமிழாசிரியர்களுக்கும் துணைப்பாட வகுப்பு நடத்துவோருக்கும் நூல்களைப் பரிந்துரைக்கும்போது, கற்பித்தல் முறை நூல்களும் உளவியல் நூல்களும் முன்வைக்கப்படுவது இயல்பு. அவை தேவையானவையே. ஆயினும் பவணந்தி முனிவரின் நன்னூல் அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. அது எழுத்தும் சொல்லும் கற்பதற்குரிய இலக்கணமாக மட்டுமே கருதப்படுவதால், அதன் முகப்பில் நிற்கும் பொதுப்பாயிரம் கற்பித்தலைப் பற்றிய ஆவணமாக நோக்கப்படுவதில்லை. அதனை அவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பதும், அவ்வாசிப்பு வெறும் போற்றுதலாக அமைதல் கூடாது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

நூல், ஆசிரியர், பாடம் சொல்லுதல், மாணாக்கர், பாடம் கேட்டல் என ஐந்து பொருள்களைப் பொதுப்பாயிரம் முறைப்படுத்துகின்றது. சினமும் விரைவும் இன்றி, முகமலர்ச்சியுடன், கொள்வோனின் ஆற்றலை அறிந்து அவன் உள்ளம் ஏற்குமாறு பாடம் சொல்லவேண்டும் என்கிறது. ஆசிரியராகத் தகாதவரைக் கழற்காய் பெய்த குடத்திற்கு ஒப்பிடுகிறது. இட்ட முறை மாறிக் காய்கள் வெளிவருவது போல, தாம் கற்ற முறை பிறழக் கற்பிப்போர் இவர். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் நாம் அனைவரும் ஒருநாளேனும் அக்குடமாக இருந்திருக்கிறோம்.

இதனினும் சிறந்தது பாடங்கேட்டல் பற்றிய கணக்கு. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே; உடன்பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிட்டும்; எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு உரைக்கும்போதே நிறைவுறும். குழுமுறைக் கற்றலுக்கு இடமளிக்கும் இக்கருத்து, ஆசிரியருக்கும் ஓர் உண்மையை உணர்த்துகிறது. கற்பிக்கத் தொடங்கிய பின்னரே அவர்தம் கல்வியின் பாதி தொடங்குகிறது.

எனினும், பொதுப்பாயிரத்தில் இன்றைய ஆசிரியர் உடன்பட இயலாத பகுதிகளும் உள. ஆசிரியர்க்குரிய இயல்புகளுள் குலம் முதற்கண் வைக்கப்படுகிறது. பாடம் கேட்கத் தக்கோருள் ஆசிரியரின் மகனும் மன்னன் மகனும் பொருள் மிகக் கொடுப்போனும் இடம்பெறுகின்றனர். தகாதோர் வரிசையிலோ நோயாளியும் மந்த அறிவினனும் பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறுவோனும் நிறுத்தப்படுகின்றனர். இலக்கணம் என்றதும் அஞ்சும் மாணவனே இன்று நம்மை நாடி வருகிறான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மாணவரைத் தெரிந்தெடுக்கும் உரிமை பழங்கால ஆசானுக்கு இருந்திருக்கலாம். பள்ளி ஆசிரியருக்கு இல்லை. துணைப்பாட ஆசிரியருக்கு அவ்வுரிமை ஓரளவு உண்டு. ஆகவே, பொருள் கொடுப்போன் பற்றிய நூற்பாவை அவர் தம்மை வினவிக்கொள்ளும் வகையில் படித்தல் நன்று.

மாணாக்கரை மூவகைப்படுத்தும் நூற்பாவும் எச்சரிக்கையுடன் அணுகத்தக்கது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைமாணாக்கர்க்கும் உவமைகள். ஒரு சிறுவனை எருமை என்று முத்திரை குத்துவதற்கு இலக்கண நூலைத் துணைக்கு அழைப்பது எளிது. ஆனால் பொதுப்பாயிரமே இதற்கொரு மாற்றையும் தருகின்றது. நல்லாசிரியருக்கு நிலத்தை உவமை கூறிய பவணந்தியார், இடைமாணாக்கனுக்கு மண்ணை உவமையாக்குகிறார். இரண்டிற்கும் உரையாசிரியர்கள் காட்டும் பொதுத்தன்மை, உழைப்பின் அளவிற்கேற்ப விளைதல் என்பதே. ஆசிரியரும் மாணவரும் ஒரே உவமையில் சந்திக்கும் இவ்விடமே பொதுப்பாயிரத்தின் உயிர்நிலை எனலாம். நம் வகுப்பறைகளில் அன்னங்கள் சிலவே, மண்ணே மிகுதி. விளைச்சல் குறைந்தால் உழவு போதுமா என்று முதலில் கேட்கவேண்டியவர் ஆசிரியரே.

பண்டைத் தமிழ் இலக்கியத்தின் கல்விச் சிந்தனைகளை ஆய்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற தனிநாயகம் அடிகள், பின்னர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கினார். எனவே, இத்துறை நமக்குப் புதியதன்று. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையுடன் பொதுப்பாயிரத்தைப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும். பயிற்சி ஆசிரியர்கள் அதனை மனனம் செய்ய வேண்டுவதில்லை. உடன்பட்டும் மறுத்தும் விவாதித்தலே அதற்கு நாம் செய்யும் சிறப்பாகும்.